காலி ரயிலின் வழி: பாஸ்டன் நகரின் இரண்டு பாதி ரயில்கள்

கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா என்றதும் அகமதாபாத்தின் காந்தி நினைவு அருங்காட்சியகமும் போபாலின் பாரத் பவனும் நினைவுக்கு வரும். அவர் அமெரிக்காவில் வடிவமைத்த ஒரு கட்டடத்தை ரயில் பிரியர்கள் வேறொரு காரணத்துக்காகத் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், எம்.ஐ.டி. வளாகத்தில், 2005-இல் திறக்கப்பட்ட மூளை அறிவியல் கட்டடம் அது. அதன் வயிற்றுக்குள் ஒரு தண்டவாளம் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. தடத்தை நகர்த்த வழியில்லை. அதனால் கட்டடம்தான் தடத்தின் இருபுறமும் காலூன்றி எழ வேண்டியிருந்தது.

அந்தத் தடத்தில் அவ்வப்போது ஒரு ரயில் ஊர்ந்து வரும். ஒரு டீசல் இன்ஜின், பின்னால் ஊதாப் பட்டை போட்ட புறநகர் ரயில் பெட்டிகள். பெட்டிகளில் ஒருவர்கூட இருக்கமாட்டார். ரயில் போய்ச் சேரும் நேரம் எந்தக் கால அட்டவணையிலும் இல்லை. மாசசூசெட்ஸ் அவென்யூ லெவல் கிராசிங்கில் பேருந்துகளும் சைக்கிள்களும் காத்து நிற்க, அது அவசரமே இல்லாமல் சாலையைக் கடந்து போகும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு ரயில் வழி தப்பி வந்துவிட்டதோ என்று தோன்றும்.

வழி தப்பவில்லை. பாஸ்டன் பெருநகரத்தின் புறநகர் ரயில்கள் இரண்டு தனித்தனிப் பாதிகளாகக் கிடக்கின்றன. ஒரு பாதியிலிருந்து இன்னொரு பாதிக்கு இன்ஜினையோ பெட்டியையோ கொண்டுபோக நகரையொட்டி இருக்கும் ஒரே வழி இதுதான். கிராண்ட் ஜங்ஷன் என்று பெயர். பெயரில் இருக்கும் பிரம்மாண்டம் பாதையில் இல்லை.

நடுவில் ஒன்றரைக் கிலோமீட்டர்

பாஸ்டனில் இரண்டு பெரிய ரயில் முனையங்கள் உண்டு. வடக்கே நார்த் ஸ்டேஷன், தெற்கே சவுத் ஸ்டேஷன். ஃபிட்ச்பர்க், லோவல், ஹேவரில், நியூபெரிபோர்ட், ராக்போர்ட் பக்கமிருந்து வருகிற ரயில்கள் வடக்கு முனையத்தோடு நின்றுவிடும். வூஸ்டர், பிராவிடன்ஸ், ஃபிராங்க்ளின், நீடம் போன்ற ஊர்களிலிருந்தும் கடலோரத் தெற்குப் பகுதிகளிலிருந்தும் வருகிறவை தெற்கு முனையத்தில் முடிந்துவிடும். இரண்டு முனையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 1.6 கிலோமீட்டர்தான். மெல்ல நடந்தாலே அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். தண்டவாளத்தில் மட்டும் போக முடியாது.

இதை யாரும் திட்டமிட்டுப் பிரிக்கவில்லை. 1835-ஆம் ஆண்டு பாஸ்டனுக்கு மூன்று ரயில் பாதைகள் திறக்கப்பட்டன: லோவலுக்கு ஒன்று, வூஸ்டருக்கு ஒன்று, பிராவிடன்ஸுக்கு ஒன்று. மூன்றும் மூன்று தனியார் கம்பெனிகள். ஒவ்வொன்றும் தன் பாதை நகரத்தைத் தொட்ட இடத்தில் தனக்கென ஒரு நிலையம் கட்டிக்கொண்டது. பின்னால் வந்த கம்பெனிகளும் அப்படியே செய்தன. அந்தக் காலத்து பாஸ்டன் தண்ணீர் சூழ்ந்த ஒரு குறுகிய நிலமுனை. அதன் நடுவே வீடுகளையும் கடைகளையும் இடித்துத் தடம் போடும் துணிவும் பணமும் எந்தக் கம்பெனிக்கும் இல்லை. போட்டிக் கம்பெனியின் வாசலுக்குத் தன் செலவில் பாதை போட்டுத் தர ஆசையும் இல்லை.

நூற்றாண்டின் கடைசியில் கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கி இரண்டு முகாம்களாகின. வடக்கே பாஸ்டன் அண்ட் மெய்ன் ஆதிக்கம். தெற்கே நியூ ஹேவன் கம்பெனியும் பாஸ்டன் அண்ட் ஆல்பனியும். வடக்கின் சின்ன நிலையங்கள் 1890களின் நடுவில் ஒரே முனையமாகச் சேர்ந்தன. தெற்கில் இருந்தவற்றுக்கெல்லாம் சேர்த்து 1899 தொடக்கத்தில் சவுத் ஸ்டேஷன் இயங்கத் தொடங்கியது. பலவாகச் சிதறிக் கிடந்தது இரண்டானது. இரண்டை ஒன்றாக்குவதற்கு யாருக்கும் லாபம் தெரியவில்லை. சவுத் ஸ்டேஷனுக்குக் கீழே புறநகர் ரயில்கள் திரும்பிச் செல்ல ஒரு வளையப் பாதைக்குக்கூட இடம் கட்டிவைத்தார்கள். அதில் ஒரு ரயில்கூட ஓடவில்லை. பாஸ்டன் ரயில் வரலாற்றில் இப்படிக் கட்டிவிட்டு மறந்தவையும், பேசிவிட்டுக் கட்டாதவையும் நிறையவே உண்டு.

பயணிகளுக்காக இரண்டு முனையங்களையும் இணைத்து அட்லாண்டிக் அவென்யூ மேல் ஒரு உயர்மட்ட நகர ரயில் 1901 முதல் 1938 வரை ஓடியது. சரக்கு வேகன்களைக் கைமாற்ற அதே தெருவின் தரையில் யூனியன் ஃப்ரெய்ட் என்ற சின்னப் பாதை 1970 வரை இருந்தது. தெருவில் லாரிகளுக்கும் வண்டிகளுக்கும் நடுவே வேகன்களை இழுத்துப் போகிற பாதை அது. நீளமான பயணிகள் ரயிலுக்குப் பொருந்தாது. அதுவும் போனபின் மிஞ்சியது, நகரத்துக்கு வெளியே சார்ல்ஸ் ஆற்றைத் தாண்டிச் சுற்றிவரும் கிராண்ட் ஜங்ஷன் மட்டும்.

பணிமனை ஒரு பக்கம்

இரண்டு பாதிகளும் தனித்தனிக் கம்பெனிகளின் கையில் இருந்தவரை, பெட்டிகளைக் கைமாற்றும் தேவையே எழவில்லை. பாஸ்டன் அண்ட் மெய்னுக்கு அதன் இன்ஜின், அதன் பணிமனை, அதன் ஆட்கள். நியூ ஹேவனுக்கும் அப்படியே. சிக்கல் தொடங்கியது, இரண்டும் ஒன்றுசேர்ந்த பிறகு.

கார்களும் நெடுஞ்சாலைகளும் வந்து புறநகர் ரயில்கள் நஷ்டத்தில் தள்ளாடியபோது, 1964-இல் உருவான எம்.பி.டி.ஏ. என்ற பொதுப் போக்குவரத்து ஆணையம் முதலில் மானியம் கொடுத்தது. பிறகு பாதைகளையே வாங்கியது. தெற்கில் பழைய நியூ ஹேவன் பாதைகளை 1973-இல் வாங்கியது. 1976 இறுதியில் பாஸ்டன் அண்ட் மெய்னின் பாதைகளும் வந்தன. 1977-இல் தெற்கு ரயில்களை இயக்கும் ஒப்பந்தமும் பாஸ்டன் அண்ட் மெய்னுக்கே போனது. வரலாற்றில் முதல்முறையாக, இரண்டு பாதிகளையும் ஒரே நிர்வாகம் இயக்கத் தொடங்கியது. அதன் பெரிய பணிமனை எங்கே இருந்தது? வடக்கே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், சாமர்வில்லில்.

பாஸ்டன் என்ஜின் டெர்மினல் என்பார்கள். அங்கே 1998-இல் புதிய பெரிய கூடம் கட்டப்பட்டது. ஒப்பந்தக்காரர்கள் மாறினார்கள்: 1987 முதல் அமெரிக்காவின் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்டிராக், 2003 முதல் இன்னொரு நிறுவனம், 2014 முதல் கியோலிஸ். பணிமனை மட்டும் அங்கேயே நின்றது. தெற்கில் வண்டிகளை நிறுத்த, கழுவ, அன்றாடச் சோதனை செய்ய யார்டுகள் உண்டு. இன்ஜினைக் கழற்றிப் போட்டுச் செய்கிற வேலை என்றால் பெரும்பாலும் வடக்குக்கே போக வேண்டும். பாதைகளின் எண்ணிக்கையிலும் ரயில்களின் எண்ணிக்கையிலும் தெற்குப் பாதிதான் பெரியது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், சிக்கலின் அளவு புரியும். நோயாளிகள் ஆற்றுக்கு இந்தக் கரையில், ஆஸ்பத்திரி அந்தக் கரையில்.

ரயில் பராமரிப்பு என்றால் கெட்டுப்போனதைச் சரிசெய்வது என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பகுதி நாள்காட்டி பார்த்துச் செய்கிற வேலை. அமெரிக்க மத்திய விதிகளின்படி இன்ஜின்களுக்கு வழக்கமாக 92 நாளுக்கு ஒருமுறை முறைப்படியான ஆய்வு கட்டாயம். பயணிகள் பெட்டிகளுக்கு 184 நாள் கெடு. இதற்கு மேலே தினசரிச் சோதனை தனி. கெடு தாண்டிவிட்டால் வண்டி நன்றாக ஓடினாலும் பயணிகளை ஏற்ற முடியாது. ஆகவே காலி ரயில் ஆற்றைத் தாண்டுவது ஏதோ கோளாறு நேர்ந்ததால் நடக்கும் அபூர்வம் கிடையாது. நாள் வந்தால் ரேக் (இன்ஜினும் பெட்டிகளும் சேர்ந்த தொடர்) போயாக வேண்டும்.

உபரிக் கணக்கு

இந்த இணைப்பின் உண்மையான மதிப்பு வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்குப் போடலாம்.

ஒவ்வொரு பாதியிலும் சாதாரண நாளில் நான்கு இன்ஜின்கள் பழுதுக்காக நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். மோசமான நாளில், கடும் பனி கொட்டும் வாரத்தில், ஏழு வரை போகலாம். இரண்டு பாதிகளுக்கும் நடுவே வழியே இல்லை என்றால், ஒவ்வொன்றும் மோசமான நாளுக்காக ஏழு உபரி இன்ஜின்களை வைத்திருக்க வேண்டும். மொத்தம் பதினான்கு. வழி இருந்தால்? இரண்டு பக்கமும் ஒரே நாளில் உச்சத்தைத் தொடுவது அரிது. ஒரு பக்கம் ஏழு என்றால் மறுபக்கம் நான்கோ ஐந்தோதான். பன்னிரண்டை வைத்துச் சமாளித்துவிடலாம். மிச்சமான இரண்டு இன்ஜின்கள் அந்த ஒற்றைத் தடம் சம்பாதித்துக் கொடுத்தவை. டிக்கெட் வருமானம் ஒரு சென்ட்கூட இல்லாத பாதை அது என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் இந்த லாபம் முழுதாகக் கைக்கு வராது. பனி கொட்டினால் இரண்டு பாதிகளிலும் சேர்ந்தே கொட்டுகிறது என்பது ஒன்று. கைமாற்றவும் நேரம் ஆகிறது என்பது இன்னொன்று. காலையில் தெற்கே ஒரு இன்ஜின் படுத்துவிட்டால், வடக்கே சும்மா நிற்கும் இன்ஜின் அன்றைய காலை நெரிசலுக்கு உதவாது. அது வந்து சேர்வதற்குள் அலுவலகம் போகிறவர்கள் அலுவலகம் போயிருப்பார்கள், அல்லது வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள். வழியில் இருக்கும் வண்டி, கணக்கில் உண்டு, களத்தில் இல்லை. எனவே ஒரே உபரிக் குவியல் என்று ஏட்டில் இருப்பது, நடைமுறையில் இரண்டு குவியல்களும் நடுவே மெதுவாகச் சொட்டும் ஒரு குழாயும்தான். குழாய் எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு அதிகமாக இரு பக்கமும் சேமித்துவைக்க வேண்டியிருக்கும்.

வண்டிகளும் இரு பக்கமும் ஓடத் தக்கவையாக இருக்க வேண்டும். இது தானாக அமைவதில்லை. வடக்கில் பல நிலையங்களின் நடைமேடை தரையோடு தாழ்ந்து கிடக்கும். பயணி படியேறித்தான் பெட்டிக்குள் போக வேண்டும். தெற்கில் 1997-இல் மறுபடி திறந்த ஓல்ட் காலனி பாதைகளும் 2007-இல் வந்த கிரீன்புஷ் பாதையும் உயர்ந்த நடைமேடைகளோடு கட்டப்பட்டவை. இரண்டுக்கும் சரிப்பட, பெட்டி வாசலில் படிக்கட்டை மூடும் ஒரு மடக்குப் பலகை இருக்கும். தாழ்ந்த மேடை என்றால் நடத்துநர் அதைத் தூக்கிவிட்டுப் படியைத் திறப்பார். பார்க்க எளிய ஏற்பாடு. அந்தப் பலகை இல்லையென்றால் மொத்தப் பெட்டிகளும் இரண்டு ஜாதியாகப் பிரிந்துபோயிருக்கும். அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு: தாழ்ந்த மேடையில் எல்லாக் கதவும் திறக்காது, ஏறி இறங்க நேரமாகும்.

மேற்கு நோக்கிப் போட்ட பாதை

இப்போது பயணத்தைப் பார்ப்போம். சவுத் ஸ்டேஷன் யார்டிலிருந்து சாமர்வில் பணிமனைக்கு ஒரு ரேக் போக வேண்டும். வடக்கே இருக்கும் இடத்துக்கு அது முதலில் மேற்கே கிளம்பும். வூஸ்டர் பாதையில் ஐந்தாறு கிலோமீட்டர் போய், ஆல்ஸ்டனில் பழைய பீகன் பார்க் யார்டு அருகே நிற்கும். இனி வந்த திசைக்கே திரும்பினால்தான் கிராண்ட் ஜங்ஷனுக்குள் நுழைய முடியும். இரு முனையிலிருந்தும் ஓட்டக்கூடிய புஷ்-புல் ரயில் என்பதால் இன்ஜினைக் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. ஓட்டுநர் மறுமுனைக் கேபினுக்கு மாறினால் போதும். பிறகு சார்ல்ஸ் ஆற்றுப் பாலம். அந்த ரயில் பாலத்துக்கு மேலாகக் குறுக்கே பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் பெயர் கொண்ட சாலைப் பாலம் போகிறது; கீழே படகு, நடுவில் ரயில், மேலே கார் என்று மூன்றடுக்காகப் பார்க்கக் கிடைக்கும் அபூர்வமான இடம். பாலம் தாண்டினால் கேம்பிரிட்ஜ்.

இந்தத் திரும்பல் ஏன்? தெற்கு முனையத்திலிருந்து நேராக நுழையும்படி பாதையை வளைத்திருக்கக் கூடாதா என்று வரைபடத்தைப் பார்க்கும் யாரும் கேட்பார்கள். விடை பாதையின் வயதில் இருக்கிறது. கிராண்ட் ஜங்ஷன் 1850களில் முழுமையானது. சவுத் ஸ்டேஷன் கட்டப்பட நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் இருந்த காலம். மேற்கிலிருந்து வரும் சரக்கை, நகரத்துக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு, கிழக்கு பாஸ்டன் துறைமுகத்தின் கப்பல்களுக்குக் கொண்டுசேர்ப்பதே அதன் வேலை. வழியில் வடக்கின் பாதைகளையெல்லாம் தொட்டுக்கொண்டு போனதால் அந்தப் பெயர். மேற்கே பார்த்து இணைந்தது, தானியம் மேற்கிலிருந்து வந்ததால். நூறு ஆண்டுக்கும் மேல் கழித்துக் காலிப் பெட்டிகள் கிழக்கிலிருந்து வரப்போகின்றன என்று அன்று யாருக்குத் தெரியும்? கம்பெனியும் சொந்தக் காலில் நிற்க முடியாமல் 1860களில் பெரிய ரயில்வேயின் கைக்குப் போய்விட்டது.

கேம்பிரிட்ஜ் பக்கம் ஒரு காலத்தில் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் நிறைந்த சதுப்பு ஓரம். எம்.ஐ.டி. அங்கே குடிவந்ததே 1916-இல்தான். தடம் அதற்கு முன்பே இருந்தது. மாசசூசெட்ஸ் அவென்யூ கிராசிங் ஓரத்தில் கோட்டைபோல் நிற்கும் செங்கல் கட்டடம், தடத்தையொட்டிக் கட்டிய பழைய கிடங்கு. இன்று அதே சுற்றுவட்டாரம் உலகின் உயிரித்தொழில்நுட்ப நிறுவனங்கள் நெருக்கியடித்து நிற்கும் கெண்டல் ஸ்கொயர். மாசசூசெட்ஸ் அவென்யூ, மெய்ன் ஸ்ட்ரீட், பிராட்வே, கேம்பிரிட்ஜ் ஸ்ட்ரீட் என்று பரபரப்பான சாலைகளைத் தடம் தரைமட்டத்திலேயே கடக்கிறது. பழைய ஒற்றைத் தடம், லெவல் கிராசிங்குகள், நெரிசல். ரயில் ஊர்வதைத் தவிர வேறு வழியில்லை. உச்ச நேரத்தில் சாலையை மறித்தால் ஊர் திட்டும்; உச்ச நேரத்தில்தான் ரேக்குகள் பயணிகளோடு வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், இந்த விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகிறது.

எதிர்த்திசையிலும் இதே கதை உண்டு. நார்த் ஸ்டேஷனிலிருந்து மெய்ன் மாநிலத்துக்கு ஆம்டிராக் இயக்கும் டவுன்ஈஸ்டர் ரயில் 2001 டிசம்பரில் தொடங்கியது. ஆம்டிராக்கின் மற்ற ரயில்களெல்லாம் சவுத் ஸ்டேஷன் வழி; அதன் பணிமனை தெற்கே சவுத்தாம்டன் ஸ்ட்ரீட் யார்டில். ஆகவே டவுன்ஈஸ்டர் பெட்டிகள் பராமரிப்புக்காக வடக்கிலிருந்து தெற்கே வருகின்றன. தெற்கு ரயில்களுக்கு வடக்கில் வைத்தியம், வடக்கு ரயில் ஒன்றுக்குத் தெற்கில் வைத்தியம். ஒரே ஒற்றைத் தடத்தில் எதிரெதிராக.

தடம் அறுந்தால்

2012 இறுதியில் அந்த ஆற்றுப் பாலத்துக்கு அவசரப் பழுதுபார்ப்பு தேவைப்பட்டு, பாதையை மூட வேண்டியதாயிற்று. அப்போது ரேக்குகள் எப்படிப் போயின என்பதுதான் இந்த விவகாரத்தின் மையத்தையே காட்டுகிறது. தெற்கிலிருந்து வூஸ்டர் வரை மேற்கே. அங்கிருந்து ஒரு சரக்குப் பாதையில் வடக்கே ஏயர் வரை. ஏயரிலிருந்து ஃபிட்ச்பர்க் பாதையில் மறுபடி கிழக்கே பாஸ்டன். சாதாரணமாகப் பத்துக் கிலோமீட்டர் சுற்றில் முடிகிற காரியத்துக்கு 150 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் உள்ள துண்டு வேறொரு சரக்கு ரயில்வேக்குச் சொந்தம் என்பதால் அனுமதி, ஆட்கள், நேரம் எல்லாம் அவர்களோடு பேசித்தான். நேர்கோட்டில் 1.6 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு முனையங்களுக்கு நடுவே இந்தப் பயணம்.

இதற்கு இரண்டே ஆண்டு முன்புதான், 2010-இல், மாநில அரசு சி.எஸ்.எக்ஸ். சரக்கு ரயில்வேயிடமிருந்து கிராண்ட் ஜங்ஷனை வாங்கியிருந்தது. வாங்கியதும் அடுத்த யோசனை பிறந்தது: வூஸ்டரிலிருந்து வரும் ரயில்களில் சிலவற்றை இதே வழியாக நார்த் ஸ்டேஷனுக்கு விட்டால் என்ன? பாதை மேற்கு பார்த்து இணைந்திருப்பதால் வூஸ்டர் ரயில்களுக்குத் திரும்பும் வேலைகூட இல்லை. அப்போதைய துணை ஆளுநர் டிம் மரே இதை முன்னெடுத்தார்; அவர் வூஸ்டரின் முன்னாள் மேயர். கேம்பிரிட்ஜ் மக்கள் கொதித்துவிட்டார்கள். அவர்கள் ஊரில் நிற்காமல், அவர்கள் சாலைகளை மட்டும் மறித்துவிட்டுப் போகும் ரயிலால் அவர்களுக்கு என்ன பயன் என்பது நியாயமான கேள்விதான். ஆய்வு நடந்தது, திட்டம் கிடப்பில் போனது. அடுத்து எத்தனால் ஏற்றிய டேங்கர் ரயில்கள் இதே பாதையில் வரலாம் என்று ஒரு நிறுவனம் திட்டம் போட்டபோது எதிர்ப்பு இன்னும் பலமாகி, 2013-இல் அதுவும் கைவிடப்பட்டது. காலி ரயிலை மட்டும் யாரும் பெரிதாக எதிர்த்ததில்லை. தடத்தையொட்டி நடைபாதையும் சைக்கிள் பாதையும் அமைக்கும் வேலையைக் கேம்பிரிட்ஜ் நகரம் துண்டுதுண்டாகச் செய்துவருகிறது.

சுரங்கம் என்ற பழைய கனவு

நேரான தீர்வு என்ன என்பது குழந்தைக்கும் தெரியும்: இரண்டு முனையங்களையும் சுரங்கம் தோண்டி இணைப்பது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இது பேசப்படுகிறது. நகரின் நடுவே இருந்த உயர்மட்ட நெடுஞ்சாலையைப் பூமிக்கடியில் புதைத்த ‘பிக் டிக்’ திட்டத்தில் ரயில் தடத்தையும் சேர்க்கும் யோசனை இருந்தது. செலவு கூடும் என்று கழற்றிவிட்டார்கள். முன்னாள் ஆளுநர் மைக்கேல் டுகாக்கிஸ் முதுமையிலும் இதற்காக விடாமல் பேசிவந்தார். மாநில அரசுக்காக 2018-இல் செய்த மறுஆய்வு, இரட்டைத் தடச் சுரங்கத்துக்கு 1,230 கோடி டாலர் என்றும், நான்கு தடங்களுக்கு 2,150 கோடி டாலர் என்றும் மதிப்பிட்டது. அந்தத் தொகைகளோடு பேச்சு தாழ்ந்த குரலுக்கு வந்துவிட்டது.

ஃபிலடெல்ஃபியாவில் இதே நோய் இருந்தது, குணமாகிவிட்டது. அங்கும் பென்சில்வேனியா ரயில்வேயின் பாதி, ரெடிங் ரயில்வேயின் பாதி என்று இரண்டு முனையங்கள். 1984-இல் நான்கு தடங்கள் கொண்ட மூன்று கிலோமீட்டருக்குக் குறைவான ஒரு சுரங்கம் இரண்டையும் தைத்தது. ஒரு பக்கத்துப் புறநகரிலிருந்து ஏறியவர் நகரைக் கடந்து மறுபக்கம் வரை அதே ரயிலில் போகலாம். பெட்டிகளைக் கைமாற்றத் தனியாகக் காலி ஓட்டம் தேவையில்லை. பயணிகளோடு ஓடும் ரயிலே மறுபாதிக்குப் போய்விடுகிறது. ஃபிலடெல்ஃபியாவுக்கு வாய்த்த அதிர்ஷ்டம், இரண்டு பாதிகளிலும் ஏற்கனவே மின்சார ரயில் ஓடியது. பாஸ்டனில் ஓடுவது டீசல். நீண்ட சுரங்கத்துக்குள் டீசல் இன்ஜினை விட முடியாது. ஆகச் சுரங்கம் வேண்டுமென்றால் மின்மயமும் வேண்டும்; அது சுரங்கத்தோடு நிற்காமல் இரு பக்கத்துப் பாதைகளுக்கும் நீள வேண்டும்.

இங்கே எனக்குத் தோன்றுவது ஒன்று. பாஸ்டன் டீசலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதில் இந்தக் காலி ரயில் பாதைக்கும் பங்கு உண்டு. பாஸ்டனிலிருந்து பிராவிடன்ஸ் போகும் தடத்துக்கு மேலே ஆம்டிராக்கின் மின்கம்பி 2000-ஆம் ஆண்டிலிருந்து தொங்குகிறது. அதன் கீழேயே எம்.பி.டி.ஏ.வின் டீசல் ரயில்கள் புகைவிட்டுக்கொண்டு போகின்றன. வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. ஆனால் மின்சார இன்ஜின் வாங்கினால் அது அந்த ஒரு பாதைக்கு மட்டுமே ஆகும், வடக்கே போகாது, கிராண்ட் ஜங்ஷனில் கம்பி இல்லாததால் பணிமனைக்குக்கூட டீசல்தான் இழுத்துப் போக வேண்டும், போய்ச் சேரும் பணிமனையும் டீசலுக்கென்று அமைந்தது. எங்கும் ஓடக்கூடிய ஒரே வகை வண்டி என்ற வசதி, எங்கும் டீசல் என்ற பழக்கமாக உறைந்துவிட்டது. செலவும் கண்ணோட்டமும் பெரிய காரணங்கள்தான். பணிமனையின் முகவரி அவற்றுக்குக் குறைந்ததல்ல என்பேன்.

தெற்கில் ஒரு கூரை

இப்போது விஷயம் அவசரமாகியிருப்பது ஒரு நெடுஞ்சாலையால். ஆல்ஸ்டனில், பல்கலைக்கழகத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய இடத்தில், ஐ-90 நெடுஞ்சாலையின் பழைய மேம்பாலம் நிற்கிறது. அந்தக் குறுகலுக்கு உள்ளூரில் ‘தொண்டை’ என்றே பெயர். மேம்பாலம், இன்னொரு சாலை, வூஸ்டர் பாதையின் தடங்கள், கிராண்ட் ஜங்ஷன், ஆற்றோர நடைபாதை என எல்லாம் அந்தத் தொண்டைக்குள்தான். மேம்பாலத்தை இடித்துச் சாலையைத் தரைக்குக் கொண்டுவந்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான பழைய யார்டு நிலத்தைத் திறந்துவிடும் பெரிய திட்டம் பல ஆண்டுகளாகத் தீட்டப்படுகிறது. வேலை தொடங்கினால் கிராண்ட் ஜங்ஷன் சில நாள், சில வாரம் என்றில்லாமல் நீண்ட காலம் துண்டிக்கப்படலாம். 2012-இல் சமாளித்த அந்த நூற்றைம்பது கிலோமீட்டர் சுற்றை ஆண்டுக்கணக்கில் செய்ய முடியாது.

எனவே தெற்கிலேயே ஒரு முழுப் பணிமனை வேண்டும் என்ற பேச்சு, விருப்பம் என்ற நிலையிலிருந்து முன்நிபந்தனை என்ற நிலைக்கு வந்திருக்கிறது. நகரின் தெற்கு ஓரத்தில் உள்ள ரெட்வில் அதற்கான இடமாகப் பேசப்படுகிறது. சவுத் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் விடெட் சர்க்கிள் என்ற நிலத்தை எம்.பி.டி.ஏ. 2023-இல் வாங்கியது, ரயில்களை நிறுத்திவைக்க. தெற்குப் பாதியின் ஃபேர்மவுன்ட் பாதையில் மின்கலத்தில் ஓடும் ரயில்களைக் கொண்டுவரும் முடிவு 2024-இல் எடுக்கப்பட்டது. அந்த வண்டிகளை வடக்கின் டீசல் பணிமனைக்கு அனுப்பிப் பராமரிப்பது ஒட்டாத ஏற்பாடு. அவற்றுக்கும் தெற்கில் ஒரு கூரை வேண்டும்.

அந்தக் கூரை எழுந்துவிட்டால் காலி ரயில்களின் ஓட்டம் குறையும். நிற்குமா என்றால், நிற்காது என்றே நினைக்கிறேன். இரண்டு பணிமனை என்றால் இரண்டு செட் கருவிகள், இரண்டு உதிரிபாகக் கிடங்குகள், தேர்ந்த ஆட்களை இரண்டு இடத்துக்குப் பங்கிடுவது. பெரிய சீரமைப்பு வேலை ஏதாவது ஒரு பக்கம்தான் நடக்கும். ஒரு பக்கம் பெட்டி தட்டுப்பாடு வரும்போது மறுபக்கத்திடம் கைநீட்டத்தான் வேண்டியிருக்கும். டவுன்ஈஸ்டரின் பெட்டிகளும் தெற்கே வந்துபோக வேண்டும். உபரிக் கணக்கு அப்படியே இருக்கிறது. மாறுவது, அவசரத்துக்கு அந்தத் தடத்தை எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்பது மட்டும். அதுவரை மாசசூசெட்ஸ் அவென்யூவில் கதவு இறங்கும். சைக்கிள்காரர்கள் ஒரு காலை ஊன்றி நிற்பார்கள். விளக்கெரியும் காலிப் பெட்டிகள் கொரியாவின் கட்டடத்துக்குள் புகுந்து சாமர்வில் பக்கம் போகும்.